கெட்டிஸ்பர்க்கும் அல்தாபின் நெற்றியும்

தென்காசியில் பழைய படங்களைச் சரிசெய்து நிறம் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அச்சன்புதூர் சனோபருக்கு அங்கேதான் வேலை. இந்தச் சாரல் காலம் முழுக்க அவளிடம் வந்ததெல்லாம் பிணங்கள். அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில், 1863-இல், கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் சண்டையில் செத்தவர்கள். வாய் பிளந்து வயலில் கிடந்தார்கள். ஒருவன் சட்டைக்கு நீலம், அடுத்தவனுக்குச் சாம்பல் என்று கொடுத்துக்கொண்டே போனாள். படத்தில் விழுந்திருந்த கீறல்களையெல்லாம் அழித்தாள். "ஒரு கோடு விடக்கூடாதும்மா" என்பார் சூப்பர்வைசர் மணிமுத்து. விடமாட்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவாள்.

அவள் புருஷன் அல்தாப் சவூதியில், தம்மாமில், கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போனான். அங்கேயே அடக்கம். அறைக்கூட்டாளி ஒருவன் கடைசி முகத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அவள் அதைத் திறக்கவே இல்லை. புருஷனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் நாலு மாத இத்தா முடிந்து வேலைக்கு வந்த பிறகும் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊருக்கென்ன, பேசும். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமியார் சுல்தான் பீவி மட்டும் விடவில்லை. "எம் புள்ள மொகத்த ஒரு தடவ காட்டுட்டி. மண்ணு அள்ளிப் போடத்தான் குடுத்து வைக்கல."

"காட்டுதேன் மாமி" என்று நாளைக் கடத்தினாள்.

ஒரு நாள், கெட்டிஸ்பர்க் படம் ஒன்றை முடித்த கையோடு அல்தாபின் படத்தையும் ஆபீஸ் திரையில் திறந்தாள். நெற்றி பிளந்திருந்தது. பெற்றவள் பார்க்கக்கூடிய முகமா இது? கை அதுபாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. ரத்தத்தைத் துடைத்தாள், பிளவை மூடினாள், கன்னத்துக்கு நிறம் கொடுத்தாள். ஒரு கோடு விடவில்லை.

சாயங்காலம் சுல்தான் பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருத்திய படம் இருந்த போனை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி, சின்னதுல ஐந்தருவிப் பாறையில வழுக்கி விழுந்தாம்லா. அந்த நெத்தித் தழும்பு எங்க?"

சனோபர் எட்டிப் பார்த்தாள். நெற்றி வழுவழுவென்று இருந்தது.

"தழும்பே இல்லியே. இது எம் புள்ள இல்லட்டி. வேற யாரையோ அடக்கிட்டானுவோ. அல்தாப் இருக்கான்." மாதக்கணக்காக இருண்டு கிடந்த அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. பார்க்கவே சனோபருக்குப் பயமாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் தொட்டுப் பழகிய தழும்பு. கீறலோடு கீறலாக அதையும் அழித்திருக்கிறாள்.

போனை வாங்கினாள். கை வைக்காமல் வந்தபடியே கிடந்த முதல் படத்தைத் திறந்து மாமியார் கையில் வைத்தாள்.

"தழும்பு இங்கன இருக்கு மாமி" என்றாள்.