'இல்லை' காலமான ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்க ஏரிக்கரை ஊரான கிரேசன் ஹார்பரில் கரண்ட் போனால் ஊர் முதலில் திட்டுவது ஒல்கா ப்ரெஸ்கரைத்தான். நகராட்சி மின்நிலையத்தின் புகார் தொலைபேசி அவள் மேசையில் இருந்தது. ஏரிக்காற்றில் கம்பி அறுந்தாலும், அணில் ஒன்று டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து கருகினாலும், வசவு அவள் காதில்தான் விழும். திட்டுகிறவரை முழுக்கத் திட்டவிடுவாள். அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, "தெரு பேரு சொல்லுங்க" என்பாள். உருக்காலையில் வேலை பார்த்த புருஷன் செத்ததிலிருந்து அந்தத் தொலைபேசிதான் அவளுக்குச் சோறு போட்டது.

1979 வசந்தத்தில் நகரசபை அந்த மின்நிலையத்தை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கத் தீர்மானம் போட்டது. ஊரின் கிழக்குப் பக்கத்தில் குடியேறியிருந்த ஸ்லோவேனியக் குடும்பங்களுக்கு வயிறு எரிந்தது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, விஷயத்தை ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் ஓட்டுச்சீட்டில் அதற்கு எண் மூன்று. கோடை முழுக்க வேலிகளில் ஒரே தட்டி: "விற்பனையா? இல்லை!" மீன் வறுவல் விருந்தில் அதே கோஷம். பௌலிங் கூடத்தில் பந்து உருட்டுகிறவன்கூட "இல்லை" என்று கத்திக்கொண்டுதான் உருட்டினான்.

நகரசபை வக்கீல் கெட்டிக்காரர். சீட்டில் கேள்வியை இப்படி எழுதிவைத்தார்: "விற்பனைத் தீர்மானத்தை ரத்துச் செய்யலாமா?" ஆக, மின்நிலையம் ஊரிடமே இருக்க வேண்டுமென்றால் 'ஆம்' குத்த வேண்டும். 'இல்லை' குத்தினால் விற்றுவிடுவார்கள். ஒரு கோடையையே 'இல்லை' என்று கத்திக் கழித்த ஜனம் இலையுதிர்காலத்தில் 'ஆம்' என்று நாக்கைத் திருப்ப வேண்டியிருந்தது.

உள்ளூர் டிவியான சேனல் பதினேழு விற்பனையின் பக்கம். அதன் மேலாளர் வெண்டல் ஹேன்லி வெளியூர்க்காரர். வாரத்தில் இரண்டு முறை, மாலைச் செய்தி முடிந்ததும், புத்தக அலமாரி ஒன்றின் முன் உட்கார்ந்து ஊருக்குப் புத்தி சொல்வார். அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது அவர் பிரித்திருப்பாரா என்று கிழக்குப் பக்கத்தில் யாருக்கும் நம்பிக்கையில்லை. "எண் மூன்றுக்கு இல்லை என்று வாக்களியுங்கள். இது எங்கள் நிலையத்தின் கருத்து" என்று முடிப்பார். அவர் முடித்த கையோடு அந்தக் கம்பெனியின் விளம்பரம் ஓடும்.

சேனல் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்துக்கும் நேரம் தர வேண்டும் என்பது சட்டம். விற்பனையை எதிர்த்த கமிட்டி பதில் சொல்ல ஆள் தேடியது. பாதிரியார் ஒதுங்கிக்கொண்டார். கமிட்டி வக்கீலுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. "உன் குரல்தான் ஊருக்கே தெரியும்" என்று ஒல்காவைத் தள்ளிவிட்டார்கள்.

போவதற்கு முன்பு பக்கத்து வீட்டு மில்கா கேட்டாள். "என்னடி, கல்யாணத்துக்குப் போற மாதிரி லிப்ஸ்டிக்?"

"சண்டைக்குப் போறேன். செத்தாலும் லட்சணமா சாகணும்ல."

ஸ்டூடியோவில் ஹேன்லியே வந்து வரவேற்றார்.

"மிஸஸ் ப்ரெஸ்கர், எங்க வீட்ல போன மாசம் கரண்ட் போனப்போ உங்ககிட்டதான் பேசினேன்."

"ஞாபகம் இருக்கு. கெட்ட வார்த்தைய இங்க்லீஷ்ல அவ்ளோ சுத்தமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

அவர் சிரிக்கவில்லை. "ஒரே தடவைதான் எடுப்போம். எடுத்ததுல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டோம். நாளைக்கு நாங்க வெட்டிட்டோம்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க. சனிக்கிழமை காலைல, விவசாயச் செய்திக்கு முன்னாடி போடுவோம்."

"அந்நேரத்துக்கு மாடுதான் முழிச்சிருக்கும்."

"மாட்டுக்கும் கருத்து இருக்கும் மேடம்."

கோபம் தலைக்கேறி, அந்தக் கோபத்தோடேயே கேமரா முன் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதிக்கொண்டு போன தாளைப் பார்க்கவே இல்லை.

"நான் ஒல்கா. உங்க வசவையெல்லாம் இத்தனை வருஷமா வாங்கிட்டிருக்கிறவ. திட்டுறதுக்கு ஊருக்குள்ளயே ஒரு ஆள் இருக்குறது எவ்ளோ பெரிய வசதின்னு உங்களுக்குத் தெரியல. வித்துட்டா, கரண்ட் போறப்போ யாரப் போய்த் திட்டுவீங்க? பேரு தெரியாத ஊர்ல, முகம் தெரியாத எவனோ போன எடுப்பான். எடுக்காமலும் போவான். நம்ம விளக்கு நம்மகிட்டயே இருக்கட்டும்." கையை ஓங்கினாள். "செவ்வாய்க்கிழமை போய் மூணாம் நம்பருக்கு, இல்லைன்னு குத்துங்க!"

விளக்கு அணைந்தது. கேமராக்காரன் வாயைத் திறந்தான். ஹேன்லியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஹேன்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம். இத மாடு மட்டும் பாத்தா போதாது. ஞாயிறு மத்தியானம் போடுறேன், போல்கா நேரத்துக்கு முன்னாடி."

ஒல்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு மதியம் சர்ச் பூசை முடிந்து வந்து, கோழி சூப்பு முன் உட்கார்ந்து, அந்த நடனப்பாட்டு நிகழ்ச்சியில் லோய்ஸ் ஹ்ராஸ்டின் அக்கார்டியனைக் கேட்காத வீடு கிழக்குப் பக்கத்தில் கிடையாது. "ஆளு அவ்வளவு மோசமில்ல" என்று மில்காவிடம் சொன்னாள்.

ஞாயிறு வந்தது. மில்காவும் சூப்புக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒல்கா நன்றாகவே இருந்தாள். கை ஓங்கியது. "இல்லைன்னு குத்துங்க!"

மில்காவின் கரண்டி நின்றது. "அடியே, என்னடி சொல்லித் தொலைச்ச?"

கைகுலுக்கல் எதற்கென்று ஒல்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. திரையில் போல்கா நேரம் தொடங்கிவிட்டது. ஹேன்லி வீட்டு எண்ணைச் சுழற்றினாள். புகார் மேசையில் ஊரின் எல்லா எண்ணும் அவளுக்குப் பாடம்.

"தப்பா சொல்லிட்டேன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்."

"நீங்க சொன்னத நாங்க மாத்தக்கூடாது மேடம். அது உங்க உரிமை."

"மறுபடி சொல்ல ஒரு நிமிஷம் குடுங்க."

"ஒரு பதில்தான் சட்டம். சூப்பு ஆறுது எனக்கு."

அவள் அடுத்துச் சுழற்றியது போல்கா நேரத்தின் நேயர் எண். லோய்ஸின் மனைவி இவாங்காதான் எடுப்பாள். லோய்ஸ் நேரலையில், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் நேயர் செய்திகளை வாசிப்பான். சேனல் அவனுக்கு ஒரு விதி வைத்திருந்தது: பிறந்த நாள், கல்யாண நாள், சாவு. இந்த மூன்று தவிர வேறு எதையும் வாசிக்கக்கூடாது. அரசியல் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இவாங்கா, லோய்ஸ்கிட்ட சொல்லு. நான் உளறினத அவன்தான் திருத்தணும்."

"உளறினது நீ, வேல போறது அவனுக்கா? நல்ல நியாயம்டி. உனக்கு இன்னிக்குப் பிறந்த நாளா?"

"இல்ல."

"கல்யாண நாளா?"

"புருஷன் போயே வருஷமாச்சு."

"அப்போ வை போன."

"சாவுன்னு எழுதிக்கோ."

"யாரு செத்தா?"

ஒல்கா கண்ணை மூடி யோசித்தாள். பிறகு சொன்னாள். இவாங்கா எழுதிக்கொண்டே மூன்று தடவை திட்டினாள். ஆனால் எழுதினாள்.

திரையில் லோய்ஸ் ஒரு வால்ட்ஸ் பாட்டை முடித்தான். கைக்கு வந்த சீட்டைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். அக்கார்டியனை மடியில் சாய்த்துவைத்துவிட்டு, சாவுச் செய்தி வாசிக்கும் அந்தத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

"மரண அறிவிப்பு. கிழக்குப் பக்கத்தில் கோடை முழுதும் எல்லோரோடும் பழகிய 'இல்லை' அவர்கள், இன்று நண்பகல் நமது சேனலிலேயே, ஒல்கா ப்ரெஸ்கரின் வாயில் அகால மரணமடைந்தார். அன்னாரின் நல்லடக்கம் செவ்வாய்க்கிழமை, அவரவர் வாக்குச்சாவடியில். மின்நிலையம் ஊரிடமே இருக்க வேண்டும் என நினைப்போர் மூன்றாம் எண்ணில் 'ஆம்' குத்தி அடக்கம் செய்யவும். இப்படிக்கு, துக்கத்துடனும் வெட்கத்துடனும், ஒல்கா."

வாசித்துவிட்டு ஒரு கணம் கேமராவை முறைத்தான். பிறகு படுவேகமான போல்கா ஒன்றை எடுத்து, நிகழ்ச்சி முடியும்வரை நிறுத்தவே இல்லை. யாராவது வந்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தவன் வாசித்த மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாக்குச்சாவடி வரிசைகளில் "அடக்கத்துக்கு வந்தியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கிழவர்கள் சிலர் கறுப்புக் கோட்டே போட்டு வந்தார்கள். எண்ணி முடித்தபோது 'ஆம்' மயிரிழையில் ஜெயித்தது. மின்நிலையம் ஊரிடமே நின்றது.

லோய்ஸின் வேலை அந்த வாரமே போயிற்று. அடுத்த ஞாயிறு மதியம் சேனல் பதினேழில் கோல்ஃப் காட்டினார்கள். கிழக்குப் பக்கம் சூப்பு முன் உட்கார்ந்து, புல்தரையில் ஒரு வெள்ளைப் பந்து உருள்வதைப் பார்த்தது. மின்நிலையம் மிஞ்சியதற்கு யாரும் ஒல்காவுக்கு நன்றி சொல்லவில்லை. போல்கா போனதற்கு எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். பூசையில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. "உன் வாய்க்கு ஒரு ஃப்யூஸ் போடக்கூடாதா?" என்று கசாப்புக் கடைக்காரன் கேட்டான். மில்காகூட வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

ஒரு சனிக்கிழமை ஒல்கா லோய்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் வால்நட் ரொட்டி. இவாங்கா திறந்து, ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒல்கா போகவில்லை. படியிலேயே நின்றாள். கடைசியில் லோய்ஸ் வெளியே வந்தான்.

"என்ன வேணும்? இன்னும் யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"எனக்கு அது வராது லோய்ஸ். திட்டு வாங்கத்தான் தெரியும். திட்டு."

லோய்ஸ் திட்டினான். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சுதி ஏறி, இங்க்லீஷ் போதாமல் ஸ்லோவேனிய மொழிக்குத் தாவினான். அவள் நாக்கை, அவள் லிப்ஸ்டிக்கை, அவள் மாமியார் வழி வம்சத்தை, ஹேன்லியை, கோல்ஃபைக் கண்டுபிடித்தவனை, எல்லோரையும் திட்டினான். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியே எடுத்துவந்து போட்டுக்கொண்டார். ஒல்கா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், அத்தனையும் கேட்டாள். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல."

"சரி, நாளைக்கு வர்றேன். மத்தியானம். உனக்கும் அந்நேரம் வேல இல்ல."

உள்ளேயிருந்து இவாங்கா கத்தினாள். "வரும்போது இன்னொரு ரொட்டி கொண்டா. இது பத்தல."

மறுநாள் ஞாயிறு, பழைய போல்கா நேரத்துக்கு, ஒல்கா இரண்டு ரொட்டியோடு போனாள். எதிர்வீட்டில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.