கம்ப்ரசருக்கு எண்ணெய்க் காப்பு

காற்றில் தண்ணீர் இருக்கும். மலைமேல் பெரகலயில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தியானம் கழிந்தால் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து ரோட்டைத் தின்றுவிடும். காலையில் காயப்போட்ட துணி மாலையில் இன்னும் ஈரமாக இருக்கும். அந்தக் காற்றைத்தான் கம்ப்ரசரில் அடைத்து நாங்கள் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். தகர வேலை அவருடையது. தட்டுவார், ஒட்டுவார், பட்டி பூசுவார். பெயிண்ட் என்னுடையது. தின்னர் வாடை பட்டால் அவர் தும்முவார். தும்முகிற ஆள் கையில் ஸ்ப்ரே கன் இருந்தால் வண்டி எப்படி ஆகும் என்று ஒரு வேன்காரர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கன் என் கையில்.

காற்று சுத்தமாக இல்லாவிட்டால் பெயிண்ட் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் இருந்தால் கொப்புளம் வரும். எண்ணெய் இருந்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். அதனால் காலையில் முதல் வேலை, கம்ப்ரசர் தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறப்பது. புஸ்ஸென்று பால் விடாத பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் கொட்டும். தொட்டியிலிருந்து கன்னுக்குக் காற்று வருகிற பைப்பைச் சுவரோடு கூரை வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் கீழே இறக்கியிருக்கிறோம். தண்ணீர் சோம்பேறி, மேலே ஏறாது. அப்படியும் ஏறிவந்ததைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்கும் அடுத்து, ஒரு பழைய லொறி பில்டர் கூட்டுக்குள் கக்கூஸ் பேப்பர் உருளை ஒன்று. அது என் வீட்டுக்காரரின் கண்டுபிடிப்பு. வெள்ளைக்காரர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற ஒருவர் கொண்டுவந்து தருவார். கேட்பவர்களிடம் என் வீட்டுக்காரர் அதை ஜப்பான் பில்டர் என்பார்.

கம்ப்ரசருக்குத் தொந்தி உண்டு. முன்னால் வளைந்து இறங்குகிற பைப்பைத் தும்பிக்கை என்றால் நம்பலாம். ஒரு ஆயுத பூஜைக்கு இவர் அதற்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பெரிய பட்டையாக விபூதியும் போட்டார். பிறகு துடைக்க மனம் வரவில்லை. வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். நான் தடுக்கவில்லை. கும்பிட்டவன் அதிகம் பேரம் பேசமாட்டான்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி ஆட்டோவைக் கொண்டுவந்தான். கூடவே அவன் அம்மா. ஆட்டோ சிவப்பு என்று அவர்கள் சொன்னார்கள். பார்த்தால் துருதான் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுங்கக்கா," என்றான்.

"ஏன்?"

அவன் வெட்கப்பட்டான். அம்மாதான் சொன்னாள். "நமுனுகுலயில பொண்ணு பாக்கப் போறோம். இதுக்கு முன்ன போன எடத்துல பொண்ணோட மாமன் இந்த ஆட்டோவுல ஏறுனாரு. ஏறுனவரு காலு தரையைப் பேத்துக்கிட்டு ரோட்டுல நிக்கிது. அப்பறம் எங்க பேசுறது?"

"அவரு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரே," என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மா சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் பார்த்த இடங்களும் தட்டிப்போயிருந்தன. இந்த நமுனுகுலப் பெண்ணை மகனுக்குப் பிடித்திருந்தது. பசறையில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறான். பெண்ணின் அப்பாதான் சிக்கல். தேயிலை பெக்டரியில் மெஷின் பார்க்கிற மனிதர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாராம். காலையில் சரி என்பார், சாயங்காலம் யோசிக்கணும் என்பாராம்.

"தரகரு வேற புது ஆட்டோன்னு சொல்லிப்புட்டாரு," என்றான் தம்பி.

"நீ என்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"அப்ப நீயும்தான் சொல்லியிருக்க," என்றேன்.

வேலை தொடங்கியது. தரைக்குப் புதுத் தகரம் போட்டு ஒட்டினார். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சும் முடித்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவப்பு அடிக்க வேண்டும். அதற்கு முன் சாப்பிட்டுவரலாம் என்று பின்னால் இருக்கிற வீட்டுக்குப் போனோம். தம்பியும் எங்களோடு வந்தான். அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மா மட்டும் பட்டறையிலேயே இருந்துகொண்டாள்.

"நீங்க போங்க. நான் வண்டிக்குக் காவலு இருக்கேன்."

சாப்பிட்டு வந்து கம்ப்ரசரைப் போட்டேன். தொந்தி நிறைந்ததும் கன்னை எடுத்தேன். முதல் பூச்சு பக்கத் தகடு முழுவதும் போனது. அழகாக இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தகடு முழுக்கக் குழி.

"தண்ணி," என்றார் இவர்.

கிண்ணத்தைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தொட்டிக் குழாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை.

"தண்ணி இல்ல. எண்ணெ."

"கம்ப்ரசர் ஓயில் போயிருச்சா?"

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கன்னுக்கு முன்னால் பிடித்து, பெயிண்ட் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் அடித்தேன். தாளில் பொட்டுப் பொட்டாக நனைந்தது. மோந்து பார்த்தேன். இவரிடம் நீட்டினேன். அவர் மூக்கு தின்னருக்குத்தான் ஆகாது, மற்றபடி நல்ல மூக்கு. நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"இது மெஷின் ஓயில் இல்ல புள்ள. இட்டிலிப் பொடி வாசம் வருது."

நல்லெண்ணெய்.

கம்ப்ரசரிடம் போனேன். அதன் காலடியில் ஒரு செம்பருத்திப் பூ. தலை பளபளவென்று மின்னியது. காற்றை இழுக்கிற வாயில் இருந்த பஞ்சு, எண்ணெயில் ஊறிய போண்டா மாதிரி இருந்தது. அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இதுக்கு எண்ணெ ஊத்துனீங்களா?"

"நானா? எனக்கென்னா மெஷினப் பத்தித் தெரியும்?"

தம்பி அவள் பக்கத்தில் இருந்த கூடையைத் திறந்தான். போத்தல் இருந்தது. முக்கால்வாசி காலி.

"யம்மோவ்!" என்றான்.

"பின்ன என்னாடா? புள்ளையாரு தலயெல்லாம் காஞ்சு கெடக்காரு. வாய் வேற தெறந்து கெடக்கு. ஒனக்காக வேண்டிக்கிட்டு எண்ணெக் காப்பு செஞ்சேன். தோட்டத்துக் கோயில்ல செய்யாததா? அங்க எந்தப் புள்ளையாருக்காச்சும் குழி விழுந்துச்சா?"

"அந்தப் புள்ளையாரு மூச்சு விடமாட்டாரு. இது மூச்சு விடுது," என்றேன்.

அம்மா இவரைப் பார்த்தாள். "விபூதி பட்டை போட்டு வச்சது யாரு? நானா?"

இவர் கூரையைப் பார்த்தார்.

தம்பி அழுகிற நிலையில் இருந்தான். "போச்சுக்கா. ஞாயித்துக்கெழமை போகலன்னா அந்த ஆளு வேற எடத்துக்குச் சரின்னுருவாரு. அங்க ஒரு வாத்தியாரு மாப்பிள்ள வேற காத்துக்கிட்டு நிக்கிறாராம்."

அழுவதற்கு நேரம் இல்லை. அவனைப் பண்டாரவளைக்குப் புது ரப்பர் ஹோஸ் வாங்க அனுப்பினேன். பழைய ஹோஸ் எண்ணெய் குடித்துவிட்டது, அதைக் கழுவி நம்ப முடியாது. இவர் கம்ப்ரசர் தலையைக் கழற்றித் துடைத்தார். பைப்புக்குத் தின்னர் விட்டுக் கழுவி, வெறும் காற்றை ஓடவிட்டோம். ஜப்பான் பில்டருக்குப் புது உருளை போட்டோம். பழையதைப் பிரித்தபோது அதற்குள்ளும் நல்லெண்ணெய் இருந்தது. முடிந்த மட்டும் குடித்திருக்கிறது, பாவம். தகட்டில் அடித்த சிவப்பை நான் முழுதாகத் துடைத்து எடுத்தேன். திரும்பத் தேய்த்தேன்.

அம்மா நடுவில் எழுந்து வந்து, "நான் ஏதாச்சும் செய்யட்டா?" என்றாள்.

"எங்க புள்ளையாரு விரதம் இருக்காரும்மா. கிட்டப் போகாம இருங்க, அதுவே போதும்."

அதை அவள் நம்பினாள். கம்ப்ரசரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுற்றிப் போனாள்.

சனிக்கிழமை காலையில் வெள்ளைத் தாளைப் பிடித்து அடித்துப் பார்த்தேன். தாள் தாளாகவே இருந்தது. மூடுபனி ஏறி வருவதற்குள் சிவப்பு முழுவதையும் அடித்து முடித்தேன். ஒரு குழி இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. சூட்டுக்குப் பல்புகளை எரியவிட்டுச் சாக்குப் படுதாவை இறக்கினோம். ஆனால் அன்று குளிர் அதிகம். மேலே காய்ந்தாலும் உள்ளே பெயிண்ட் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும்.

"யாரும் தொடக்கூடாது. ஒரு வாரத்துக்கு," என்றேன்.

"நாங்க தொடமாட்டோம். பொண்ணோட அப்பா?" என்றான் தம்பி.

அதனால் என்னையும் இவரையும் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். சொந்தக்காரர் என்ற பேர். வேலை, மாமனார் கையைத் தடுப்பது. எல்ல ஊரைத் தாண்டி ஆட்டோ ஏறும்போது யாரும் சாய்ந்து உட்காரவில்லை. குழந்தையைச் சுமந்துபோவது மாதிரி ஓட்டினான்.

பெண் வீடு, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பரா. அப்பா வாசலிலேயே நின்றார். "வாங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாலும் கண் ஆட்டோ மேல்தான். என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று கும்பிட்டார். பெண்ணின் அப்பா இந்தப் பக்கம் வந்தார். இவரும் இந்தப் பக்கம் வந்து கும்பிட்டார். அவர் அந்தப் பக்கம் போனார். அங்கே நான் நின்றேன். ஆட்டோவை ஒரு சுற்று சுற்றிவிட்டோம்.

"என்னாங்க, கும்மி அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே கையை நீட்டிப் பக்கத் தகட்டில் பெருவிரலை அழுத்தினார்.

எடுத்தபோது பெருவிரல் அங்கேயே இருந்தது. ரேகை ஒன்றுகூடத் தப்பாமல்.

அவர் தன் விரலைப் பார்த்தார். சிவப்பு. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் முகமும் அதே நிறம்.

"நேத்து அடிச்சதா தம்பி?"

"ஆமாங்க."

"புது ஆட்டோன்னு தரகரு சொன்னாரு."

தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். "பழசுங்க. நான் சொல்லல, ஆனா இல்லன்னும் சொல்லல. தரை மட்டும் புதுசு. பெயிண்டு இந்த அக்கா அடிச்சது. மொத தடவ அடிச்சது குழி விழுந்திருச்சு, எங்கம்மா எண்ணெ ஊத்திட்டாங்க."

"எதுல ஊத்துனாங்க?"

அவன் சொன்னான். முழுவதும் சொன்னான். தொந்தி, செம்பருத்தி, போண்டா எதையும் விடவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காம்பராவுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. பெண். தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்தவள், சிரித்த சிரிப்பில் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

அப்பா சிரிக்காமல் இருக்க நிறையப் பாடுபட்டார். அவர் மெஷின்காரர். "காத்து இழுக்குற வாயிலயா ஊத்துனாங்க?" என்று இன்னொரு தரம் கேட்டார். அதோடு அவராலும் முடியவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது சரி என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் யோசிக்கணும் என்பதற்குள் நாங்கள் கிளம்பினோம்.

மறு மாதம் ஆட்டோ திரும்பி வந்தது. முன்னால் தம்பி, பின்னால் அந்தப் பெண், துணைக்கு ஒரு சித்தி. முகூர்த்தச் சேலை எடுக்கப் போகிற வழியாம். பெயிண்ட் இப்போது கல் மாதிரி இறுகியிருந்தது. தேய்த்துப் பாலிஷ் போட்டால் விரல் அடையாளம் போய்விடும் என்றேன். தம்பி சரி என்று உப்புத்தாளை எடுத்தே கொடுத்துவிட்டான்.

பெண் இறங்கி வந்து அதைப் பிடுங்கினாள்.

"வேணாங்கக்கா. எங்கப்பா நேத்துத்தான் மறுபடியும் யோசிக்கணும்னாரு. இன்னிக்கு ஆட்டோ வந்ததும் நான் அவர வாசலுக்குக் கூட்டிட்டு வந்து இதக் காட்டுனேன். கைநாட்டு வச்சிட்டு என்னா யோசன, பேசாம இருங்கன்னேன். தாலி ஏறுற வரைக்கும் இது இருக்கணும்."

சுற்றிவர மட்டும் பாலிஷ் போட்டுக்கொடுத்தேன்.