சனிக்கிழமை பிலிப்பினோ ரீச்சர்

எழுபதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து இருந்த செவன் ஹில்ஸ் என்ற புறநகரில், ஒரு தேவாலய மண்டபத்தில், மெலிந்த ஒரு ரீச்சர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பிலிப்பினோவில் சின்னச் சின்ன வசனம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தார். என் மனைவி பிலிப்பீன்ஸ்காரி என்பதால் எங்கள் மகளும் போனாள். அவளைக் கூட்டிக்கொண்டு போகும் நான் பின்வாங்கில் இருப்பேன். பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ரீச்சர் மேசையில் விரலால் தட்டுவார்.

ஒருநாள், பிலிப்பீன்ஸ்காரியைக் கட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் வகுப்புக்குள் வந்து, "என்ரை பிள்ளைக்கு இங்கிலிஷ் காணும், வேறொண்டும் வேண்டாம். எழும்பு" என்று தன் மகளைப் பார்த்துச் சத்தம் போட்டார். சிறுமி எழும்பவில்லை. "கலிட் அங் தாத்தாய்" என்று மெதுவாகச் சொன்னாள். ரீச்சர் வழமைபோலத் தட்டினார்.

"என்ன சொல்லுறாள்?" என்றார் தகப்பன்.

ரீச்சர் மாற்றிச் சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா கோபமா இருக்கிறார் எண்டு சொல்லுறாள். வசனம் சரி."

தகப்பன் மகளையே பார்த்தபடி நின்றார். பிறகு வெளியே போய், வகுப்பு முடியும்வரை காருக்குள் இருந்தார்.

எந்தத் துணிவில் ரீச்சர் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.