அக்கா திருப்பிக் கொண்டுவந்து விட்ட நாய்கள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த இரங்கல் வரிகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். கருணைக் கடல் என்றும், வாயில்லா ஜீவன்களின் தாய் என்றும் பலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதியவர்களில் ஆறு பேர் வீட்டு நாய்களை அக்கா மலையிலிருந்து திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். எந்த ஆறு பேர் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்த வரிகளை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. வருத்தப்படுகிறவர்கள் தாராளமாக வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

அக்கா போகும்போது அவர் வீட்டில் ஒன்பது நாய்கள் இருந்தன. ஐந்துக்கு வீடு கிடைத்துவிட்டது. நான்கு இன்னும் ஆலங்காயத்தில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டிலேயே இருக்கின்றன. வீட்டுக்காரர் ஓராண்டு பொறுத்துக்கொண்டார். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடச் சொல்லியிருக்கிறார், அவர் மேல் தப்பில்லை. அந்த நான்கும் எங்கே போகும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அக்காவைப் புகழ மட்டும் என்றால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அக்கா பிறந்தது மலையடிவாரத்தில், ஆலங்காயத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊரில். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் கூலி வேலை. அக்கா, நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். அக்கா திருப்பத்தூரில் விடுதியில் தங்கி நர்ஸ் பயிற்சி முடித்து, கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த வேலைதான். கல்யாணமாகி நான்காம் வருடம் மாமா லாரி விபத்தில் இறந்தார். பிள்ளை இல்லை. மறுமணம் செய்துகொள்ளச் சொன்னவையும், செய்துகொண்டால் ஊர் என்ன சொல்லும் என்றவையும் அதே வாய்கள்தான். அக்கா தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

நாய்களோடு அக்காவுக்கு அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லப் போனால் பயம். ஒரு நாள் மேலே ஒரு மலைக் கிராமத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை நாய் கடித்துவிட்டது. அக்கா சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவி, அடுத்த பஸ்ஸிலேயே குழந்தையை ஊசிக்காகக் கீழே கொண்டுவந்தார். குழந்தை பிழைத்தது. மறுநாள் அக்கா மேலே போனபோது நாயைக் கல்லால் அடித்துக் கொன்று ஓரமாகப் போட்டிருந்தார்கள். அதன் கழுத்தில் சிவப்புத் தோல் பட்டையும் ஒரு சின்ன மணியும் இருந்தன. மலையில் யாரும் நாய்க்குத் தோல் பட்டை கட்டுவதில்லை. குழந்தையின் தகப்பனார் அக்காவிடம் கோபப்படவில்லை, கேட்டார், அவ்வளவுதான்.

"உங்க ஊரு நாய்ங்கள ஏம்மா எங்க மேல கொண்டாந்து வுடுறீங்க? எங்களப் பாத்தா குப்பத்தொட்டி மாதிரி இருக்குதா?"

இந்த வழக்கத்தை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. வெளியூர்க்காரர்கள் கையிலும் இந்த மலர் கிடைக்கலாம் என்பதால் எழுதுகிறேன். வாணியம்பாடியிலும் ஆலங்காயத்திலும் நாய் கிழடானால், சொறி பிடித்தால், பெண் குட்டியாகப் போட்டுத் தள்ளினால், அதைக் கொல்வது பாவம் என்று நமக்குத் தெரியும். ஆகவே கொல்ல மாட்டோம். வயிறு நிறையச் சோறு போட்டு, காரில் ஏற்றி, மலைப் பாதையில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். காடு இருக்கிறது, முயல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்போம். சிலர் இறக்கிவிடும் இடத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் பிரித்துக் கொட்டுவார்கள். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் "கொல்லலியே, மலைக்குத்தான அனுப்பினோம்" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். காலில் விழுந்து கும்பிட வேண்டிய மனிதர்கள்!

சோற்றுக்குப் பழகிய நாய் முயல் பிடிக்காது. காட்டுக்குள்ளேயே போகாது. இறக்கிவிட்ட அதே இடத்தில், கார் போன திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வருகிற ஒவ்வொரு வண்டியையும் துரத்தும். அக்கா தினமும் பஸ் ஜன்னலில் இதைப் பார்த்தார். முதல் நாள் உட்கார்ந்திருந்தது நான்காம் நாள் படுத்திருக்கும், ஒரு வாரம் கழித்து வளைவுக்கு வரும்போது நாற்றம் மட்டும் வரும். பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். எனக்கு அந்த நாற்றத்தைவிட மூக்கைப் பொத்திய கைகள்தான் அருவருப்பாக இருக்கின்றன.

சிவப்புப் பட்டை யார் வீட்டுடையது என்று அக்கா கண்டுபிடித்தார். அந்தப் பட்டையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு உயிரோடு கிடைத்தவற்றை உயிரோடு கொண்டுபோக ஆரம்பித்தார். நாயை ஆட்டோவில் ஏற்றிவந்து ஆலங்காயத்துத் தெருக்களில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடப்பார். நாய் தானாகவே தன் வீட்டு வாசலுக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போகும். வாசலில் நின்று சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார்.

"இன்னாங்க, உங்க வூட்டு நாயி வழி தெரியாம மலையில நின்னுட்டிருந்திச்சி. கொண்டாந்து வுட்டுட்டேன்."

இதை ஒரு தடவைதான் சொல்வார். வாங்கிக்கொண்டவர்களும் உண்டு, வெட்கப்பட்டாவது. எங்களுடையது இல்லை என்று சொன்னவர்களிடம் வாக்குவாதம் கிடையாது. சரிங்க என்று திரும்பி நாயோடு தன் வீட்டுக்கு நடந்துவிடுவார். "புள்ள இல்லாத கொறைக்கு நாய் வளக்கறா" என்று நம் உறவுக்காரப் பெண்கள் பேசியது அக்காவின் காதுக்கு வராமல் இல்லை. அவர்களில் ஒருவரும் அக்காவின் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை, நாய் முடி விழுந்திருக்கும் என்று.

நாய் கேட்டு வருகிறவர்களுக்கு அக்கா சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. வீட்டில் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும். முதலில் அவர்கள் வீட்டுக்கு இவர் போய்ப் பார்ப்பார். கருத்தடை செய்து, ஊசி போட்டுத்தான் தருவார். வந்ததும் வராததுமாக "கடுவன் இருக்குதா?" என்று கேட்கிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். ஆண் நாய்தான் வேண்டுமென்று பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டும் ஊர் இது. பிரசவ வார்டில் பெண் பிறந்தது என்று கேட்டதும் கோணிய முகங்களைத் தான் நிறையப் பார்த்துவிட்டதாக ஒரு முறை என்னிடம் சொன்னார்.

சிறுநீரகம் கெட்டு வேலூரில் ஒரு மாதம் படுத்திருந்தார். படுக்கையில் இருந்தபடியே எந்த நாய் யாரிடம் ஒத்துப் போகும் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார்.

அக்காவின் உடலை வீட்டில் கிடத்தியிருந்த காலையில், மாலைகளோடு வந்த யாரோ ஒருவர் வாசல் கேட்டில் ஒரு அரிசிச் சாக்கையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். தெருமுனைக் கறிக்கடை பாய்தான் அவிழ்த்துப் பார்த்தார். கண் திறக்காத நான்கு பெண் குட்டிகள், அதில் ஒன்று ஏற்கெனவே செத்து நாறத் தொடங்கியிருந்தது. செத்துப்போனவளின் வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், இனி எடுக்க ஆளில்லை என்று தெரிந்தே. மற்ற மூன்றும் பாலுக்குக் கத்தி, அந்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ரோஜா மாலையின் வாசனை எங்கே வந்தாலும் இப்போது எனக்கு அந்தச் சாக்குதான் மூக்கில் ஏறுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாய்களைப் பற்றிப் பேசினார்கள். சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்.

"ஒரு டெம்போ புடிச்சா ஒரே ட்ரிப்பு. மேல வுட்டுட்டு வந்துடலாம். அவளும் அங்கதான சுத்தினு இருந்தா."

தம்பி தலையாட்டினான். என் கணவர் டெம்போக்காரரின் நம்பரைத் தேடினார். என்னால் உடனே தடுத்துப் பேச முடியவில்லை. ஏன் என்பதை எழுதாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுப்பது அயோக்கியத்தனம்.

எங்கள் வீட்டில் ஜூலி என்று ஒரு நாய் இருந்தது. மூத்த மகனுக்குப் பெண் பார்த்து, சம்பந்தி வீட்டார் நிச்சயத்துக்கு வருகிற வாரத்தில் ஜூலி பருவத்துக்கு வந்தாள். தெருவிலிருந்த ஆண் நாய்கள் எல்லாம் எங்கள் கேட்டுக்கு முன்னால். வருகிறவர்கள் கண்ணில் இந்த அசிங்கம் பட வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். அசிங்கம் என்ற அந்தச் சொல்லைத்தான் எனக்கும் சொல்லத் தோன்றியது. ஜூலிக்குத் தயிர்ச் சோறு பிசைந்து வைத்தவள் நான், கார்க் கதவைத் திறந்துவிட்டவளும் நான். காரில் போவதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை, ஒரே தாவில் ஏறிக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா வந்தார். பட்டுப் புடவை கட்டியிருந்தார், கையில் கயிறு, கயிற்றில் ஜூலி. அவள் என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே வந்து என் கால்களை நக்கினாள். அக்கா எல்லோரிடமும் சொன்னதையே என்னிடமும் சொன்னார். "இன்னாடி, உன் வூட்டு நாயி மலையில நின்னுட்டிருந்திச்சி."

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன், "இது எங்க நாய் இல்லக்கா."

சரி என்றார். ஜூலியை வேப்பமரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்து, தட்டு மாற்றும்வரை இருந்து, எல்லோருக்கும் பரிமாறி, தான் சாப்பிடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு நான் எத்தனையோ தடவை அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஜூலி வாலை ஆட்டிக்கொண்டு முதலில் ஓடி வருவாள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எட்டு நாய்களுக்கு ஆள் சொன்னவர் ஜூலிக்கு மட்டும் யாரையும் சொல்லவில்லை. நீ கூட்டிக்கோ என்று சொல்வார் என்று கடைசி நாள்வரை காத்திருந்தேன். எங்கள் அக்கா யாரிடமும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

பதினாறாம் நாள் அந்த நாற்காலிகளுக்கு நடுவில் போய் நின்று, டெம்போ வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். ஓராண்டாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து சோறு வைக்கிறேன். மற்ற நாட்களில் வைத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், கடை மூடும்போது ஆட்டு நுரையீரலைத் தனியாக எடுத்துவைத்துத் தன் தென்னந்தோப்புக்கு ஒரு நாயையும் கூட்டிப்போன கறிக்கடை பாய்க்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த கால்நடை மருத்துவருக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து இரண்டைக் கேட்டு வாங்கிப்போன குடும்பத்தாருக்கும், பயந்த நாயென்று தெரிந்தும் ஒன்றை ஏற்றுக்கொண்ட ஆசிரியைக்கும் அக்காவின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மாலைக்கும் இரங்கல் வரிக்கும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது ஜூலி. போன வாரம் பாயின் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தெருமுனையிலேயே இடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்குள் வரவில்லை, வெளியே மதிலோரம் படுத்திருக்கிறாள். நான் வைக்கும் சோற்றை நான் உள்ளே போன பிறகு சாப்பிடுகிறாள். என் கணவர் காரை எடுத்தால் எழுந்து தெருக்கோடிக்குப் போய் நின்றுகொள்கிறாள், கார் போய் வெகு நேரம் கழித்துத்தான் திரும்பி வருகிறாள்.

மீதி இருக்கும் நான்கும் பெண், அக்கா சொல்லிவைத்த ஆட்கள் பிறகு கைவிரித்துவிட்டார்கள். நான்கையும் அக்கா மலை வளைவுகளிலிருந்துதான் கூட்டி வந்தார். திதிக்கு வருகிறவர்களில் யாருக்காவது ஒன்றைக் கூட்டிப்போக மனமிருந்தால் குடும்பத்தோடு வாருங்கள். தயவுசெய்து காரில் வர வேண்டாம்.