பஞ்சு வைத்த காதில் கேட்ட மணி

நான் இயற்பியல் ஆசிரியை. பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்னல் எப்படி உண்டாகிறது, அது ஏன் உயரமான மரத்தைத் தேடி வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பவள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். எனக்குப் பயங்கள் உண்டு, நிறையவே உண்டு, ஆனால் எல்லாம் கேஸ் சிலிண்டர், பள்ளி வேன், மகளின் காய்ச்சல் என்று கண்ணுக்குத் தெரிகிற பயங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

என் மகள் மதிக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி எங்கள் இலையில் விழுந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள், மதி மட்டும் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் அவள் கால் நகராது. சிவகாசியில் இருந்துகொண்டு சத்தத்துக்குப் பயந்தால் எப்படி? மாலையானால் ஏதாவது ஒரு பக்கம் வெடியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவள் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டுதான் வெளியே வருவாள், பேசுவதும் முணுமுணுப்பாகத்தான். என்றைக்காவது ஓடியே ஆக வேண்டிய இடத்தில் நான் பக்கத்தில் இல்லாமல் இவள் இப்படி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் ராத்தூக்கத்தைத் தின்ற கேள்வி.

மதியைப் பார்த்த மதுரை டாக்டர் சொன்னதால் ஒரு நாய் வளர்த்தோம், பாதி சிப்பிப்பாறை, பாதி தெரு. என் கணவர் அதற்கு ராக்கெட் என்று பெயர் வைத்தார். ஓட்டத்தில் ராக்கெட்தான், ஆனால் ஓர் ஊசிவெடி வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நல்ல ஜோடி என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

இந்த இரண்டு பேரையும் நடக்கவைக்கத்தான் எங்கள் குடியிருப்புப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். அது முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்த இடம். லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு முதலாளி இடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் மனை போட்டதுபோக மிச்சத்தைப் பூங்காவாக விட்டார்கள். புங்கமும் வேம்பும் ஏற்கெனவே இருந்தன. பழைய அறைகளுக்கு நடுவே ஆட்கள் நடந்த தடத்திலேயே நடைபாதை போட்டோம், ஒரு பக்கம் கம்பிவலை கட்டி நாய்கள் அவிழ்த்து ஓட இடம் ஒதுக்கினோம். அறைகளை எல்லாம் இடித்தாயிற்று, ஒன்றை மட்டும் மழைக்கு ஒதுங்க விட்டுவைத்தோம். அது வெடிமருந்து கலக்குகிற அறை. தகரக் கூரை, நாலு பக்கமும் நாலு வாசல். உள்ளே எத்தனை பேரோ அத்தனை வாசல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம், ஒருவர் மேல் ஒருவர் விழாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதற்கு.

அந்த நாலில் மூன்றுக்குக் கம்பிக் கதவு போட்டுத் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னது நான்தான். நாய்கள் உள்ளே புகுந்து ரோட்டுப் பக்கம் ஓடிவிடும் என்று குடியிருப்புக் கமிட்டியில் பேசி நிறைவேற்றிவிட்டேன். வாட்ச்மேன் ராமர் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அதே கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர்.

"நாலு வாசலும் தொறந்தே கெடக்கட்டும் டீச்சர்."

"இப்ப உள்ள மருந்தா இருக்கு, அண்ணே? பெஞ்சுதானே இருக்கு."

"பெஞ்சுல ஆளு உக்காருவாகல்ல?" என்றார்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்து வந்தது. முத்துலட்சுமியும் வந்திருந்தாள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள், சர்க்கரைக்காக நடக்கிறவள். சீசன் உச்சத்தில் ஞாயிறு வேலை உண்டு, ஆனால் மேகத்தைப் பார்த்து மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம்.

"சம்பளம் போச்சேன்னு நானே வெந்து போயிருக்கேன், ஒங்க நாயி வேற என் சேலைய மோந்து பாக்குது," என்றாள்.

"கருவாட்டுக் கொழம்பு வச்சீங்களோ?"

"நாயிக்குத் தெரிஞ்சது டீச்சருக்குந் தெரிஞ்சிருச்சே."

மழை சடசடவென்று இறங்கியது. நாங்கள் பதினாலு பேரும் மூன்று நாய்களும் அந்தத் தகர அறைக்குள் ஓடினோம். மூன்று கம்பிக் கதவையும் நானே தாழ் போட்டேன். இந்த விஷயத்தில் என் வார்த்தையை நம்பலாம், ஏனென்றால் நான் வீட்டுக் கதவையே மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். கிழக்குக் கதவின் தாழ் லொடலொடவென்று இருந்ததால் ராக்கெட்டின் கழுத்து வாரை எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

முத்துலட்சுமி மட்டும் திறந்திருந்த வாசலிலேயே, கையிலிருந்த குடையைக்கூட விரிக்காமல், நனைந்துகொண்டு நின்றாள். "மேகம் கறுத்தாலே எங்கள இந்த மாதிரி ரூம விட்டு வெளிய வெரட்டுவாக. நீங்க என்னடான்னா உள்ள கூப்புடுதீக."

"அது மருந்து ரூமு முத்துலட்சுமி. இது பார்க்கு. வாங்க உள்ள."

அரைமனதாக வந்தாள்.

முதலில் எழுந்தவை நாய்கள்தான். ராக்கெட், பேங்க் சாரின் குண்டு லேப்ரடார், இன்னொரு வீட்டுப் பொமரேனியன், மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் பார்த்து நின்றன. அந்தப் பக்கம் நடைபாதை திரும்புகிற இடத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. கம்பெனிக் காலத்தில் அதில் பித்தளை மணி தொங்கியதாம். இடி மழை வந்தால் அதை அடிப்பார்கள், அடித்ததும் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறி வாசலில் இன்னும் இடிக்காமல் நிற்கிற ஆபீஸ் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். மணியை முதலாளி கோயிலுக்குக் கொடுத்துவிட்டார், வெறும் கொக்கிதான் மிச்சம்.

முத்துலட்சுமியின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. மதி தலையைத் தூக்கினாள்.

"மணி அடிக்குதும்மா."

எனக்குத் தகரத்தில் விழுகிற மழையைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் காதில் பஞ்சு இருந்தது, வெள்ளையாக, இரண்டிலும், நான் பார்த்தேன். அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் அவள் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினாள்.

"எல்லாரும் வெளிய போங்க. ஒண்ணையும் எடுக்காதீங்க. ஆபீஸ் பக்கம் ஓடுங்க."

இரண்டு வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்தக் குரலில் நான்கூட என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

பேங்க் சார் மட்டும், "மழை பெய்யுதும்மா, எங்க போகச் சொல்ற," என்று செல்போன் பையைத் தேடினார். மதி குதித்து இறங்கி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பைய விடுங்க சார்." ரிட்டயர்டு மேனேஜர், நூறு கிலோ இருப்பார், அவர் இழுபட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். நான் கிழக்கு வாசல் வழியாக ஓடினேன். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, கிழக்கு வாசலை நான் கட்டி வைத்திருந்தேனே என்று.

திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஆபீஸ் வராந்தாவில் கால் வைத்தபோது உலகமே ஒரு கணம் வெள்ளையாகிப் போனது, சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அறையை ஒட்டி நின்ற பெரிய வேம்பு நடுவே பிளந்து, ஒரு பாதி அப்படியே தகரக் கூரைமேல் இறங்கியது. கூரை பெஞ்சுகளோடு தரையில் படுத்துவிட்டது.

நான் முதலில் தேடியது மதியைத்தான். அந்த இடி விழுந்த நொடியில் அவள் எங்கே உறைந்து நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் உறைந்து நிற்கவில்லை. வராந்தாவில் ஒவ்வொருவர் முதுகாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

"பதினாலு பேரும் இருக்கோம்மா. நாயும் மூணும் இருக்கு," என்றாள். பிறகு காதிலிருந்து நனைந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத எதையோ எறிவதுபோல மழைக்குள் எறிந்தாள்.

முத்துலட்சுமி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பேங்க் சார் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னய இந்த இழுப்பு இழுத்தது என் பொண்டாட்டிக்கப்புறம் இவதான்," என்றார். அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

எப்போதும் பூட்டியிருக்கும் ஆபீஸ் கதவு திறந்திருந்தது. ராமர் அண்ணன் சாவியோடு நின்றார். "மணி கேட்டுச்சு, தொறந்தேன்," என்றார், ஏதோ தினமும் நடப்பதுபோல.

"யாருண்ணே அடிச்சது?"

அவர் என்னைப் பார்க்காமல் மதியைப் பார்த்தார். மதி சொன்னாள், "ஒரு அக்கா. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை போட்டிருந்தாங்க. நீலக் கட்டம்." பட்டாசுக்குப் போகிற பெண்கள் எல்லோருமே சேலைமேல் சட்டை போடுவார்கள், அதில் அதிசயம் இல்லை. ஆனால் ராமர் அண்ணன் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"கழுத்துப் பட்டன் இல்லாம ஊக்கு குத்தியிருந்தாளா தாயி?"

"ஊக்கு இல்ல, தாத்தா. நூலப் போட்டு முடிஞ்சிருந்தாங்க."

"ஆமா. அவ போய்ச் சேந்த அன்னிக்குக் காலையில நாந்தான் ஊக்கக் கழட்டச் சொன்னேன். மருந்து ரூமுக்குள்ள இரும்பு ஆகாதுன்னு," என்றார். அவ்வளவுதான். மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். இன்றுவரை நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், வாயைத் திறக்கவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். மூன்று கம்பிக் கதவும் வெளிப்பக்கமாக முழுசாகத் திறந்து கிடந்தன. தாழ்ப்பாள் எதுவும் உடையவில்லை, ஒழுங்காக விலக்கப்பட்டிருந்தது. ராக்கெட்டின் வார் கிழக்குக் கதவில் இல்லை. அது கல்தூணின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்கும் தூணுக்கும் நாற்பது அடி இருக்கும்.

நான் படித்தவள் அல்லவா, விடவில்லை. அடுத்த வாரம் அன்று அங்கே இருந்த எல்லோரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். மணி கேட்டதாகச் சொன்னவர்கள் மதியைத் தவிர மூன்று பேர், மூன்று பேரும் என்றைக்காவது பட்டாசு வேலை செய்தவர்கள். ராமர் அண்ணனையும் சேர்த்துக்கொண்டால் நாலு. மற்ற யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. மதி மட்டும்தான் கணக்கில் அடங்காமல் நிற்கிறாள்.

கமிட்டிக் கூட்டத்தில் நானே எழுந்து, கதவு போடச் சொன்னது என் தப்பு என்றேன். இப்போது அங்கே புதிய கூரை போட்டிருக்கிறோம், நாலு பக்கமும் திறந்தபடி, மரத்தை விட்டுத் தள்ளி, இடிதாங்கியோடு. அந்தத் தீபாவளிக்கு மதி எங்கள் தெருவில் புஸ்வாணம் வைத்தாள், பிறகு தரைச்சக்கரம், பிறகு யாரும் சொல்லாமலே ஒரு சரவெடியை விரித்து நீளமான ஊதுவத்தியால் தானே பற்றவைத்துவிட்டு ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அந்தப் புகைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் நடுத்தெரு என்றும் பாராமல் கைதட்டினேன். கட்டிலுக்கு அடியில் ராக்கெட் இப்போது தனியாகத்தான் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாளிலிருந்து மதி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாசல் கம்பியில் உள்ளங்கையை ஒரு நொடி அழுத்தி வைத்துவிட்டுத்தான் வருகிறாள். பட்டாசு அறைக்குள் போகிறவர்கள் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும், அதற்கான காரணத்தை வகுப்பில் நடத்துகிறவளே நான்தான். ஆனால் அவளுக்கு நான் சொன்னதில்லை. ஒரு கம்பெனிக்குள்ளும் அவள் போனதில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"அந்த அக்காதான். மறந்துட்டு உள்ள போயிறாதன்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க? அன்னிக்கு மழையிலயா?"

அவள் யோசித்தாள். "அன்னிக்கு இல்லம்மா," என்றாள்.

நேற்று சாயங்காலம் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு கம்பியைத் தொடாமல் உள்ளே போகப் பார்த்தேன். ராக்கெட் வாசலில் குறுக்கே நின்று குரைத்தது. பையைக் கீழே வைத்துக் கம்பியில் கை வைத்த பிறகுதான் வழி விட்டது. வெயில் படாத பக்கம் அது, ஆனாலும் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது, எனக்கு முன்னால் யாரோ இப்போதுதான் கை வைத்துவிட்டுப் போனதுபோல. மதி அப்போது டியூஷனிலிருந்து வந்திருக்கவில்லை.