ரோலர் கோஸ்டருக்குத் தடையாக நின்ற பலாமரம்

அந்த ரோலர் கோஸ்டர் காரியம் என்னால்தான் கெட்டது என்று மலையில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமை வாங்கப் போனால் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு வருகிறவள் இல்லை. பதிலுக்குத் திட்டிவிட்டுத்தான் வருவேன். ஆனால் ஆளாளுக்கு நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு இனி தெம்பில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன், வேண்டுமென்றால் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

நான் செங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது மலைமேல், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். எங்கள் ஊரில் நிலம் ஆண் பிள்ளைகளுக்குப் போகும், பெண்ணுக்கு ஒரு மரம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா அந்த மரத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, இது என் மகளுடையது என்று ஊர்க்காரர்கள் முன்னால் சொல்லிவிடுவார். நிலம் அண்ணனுடையதாக இருந்தாலும் அதில் நிற்கிற மரம் தங்கச்சியுடையதுதான். வருஷா வருஷம் அவள் வந்து முதல் பழத்தை அறுத்த பிறகே வேறு யாரும் அதில் கை வைக்கலாம். மரத்தையே வெட்டுவதாக இருந்தாலும் முதல் வெட்டு அவளுடையதாக இருக்க வேண்டும். மீறி வெட்டினவன் வீட்டில் ஊர்க்காரர்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு பலா. உண்மையைச் சொன்னால் அதன் பழம் சுமார்தான். சுளையெல்லாம் நார், கொட்டைதான் பெரிது. ஆனால் வைகாசி பிறந்தால் அண்ணன் எனக்குப் போன் செய்தாக வேண்டும். வருஷத்தில் அவன் என்னைக் கூப்பிடுவது அந்த ஒரு தடவைதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டு வாசலை நான் தலை நிமிர்ந்து மிதித்தது அந்த மரத்தின் தைரியத்தில்தான். அண்ணிக்கு என் மூஞ்சியைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் அப்படித்தான். இருந்தாலும் வருஷத்துக்கு மூன்று நாள் அவள் எனக்குச் சோறு போட்டே தீர வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி தீம் பார்க் கட்டப்போகிறேன் என்று மலைக்கு வந்தது. அண்ணனுடைய மேட்டு நிலத்தையும் பக்கத்து நிலங்களையும் குத்தகைக்கு எடுத்தார்கள். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய பேனர் வந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே 'பொங்கல் முதல்' என்று எழுதியிருந்தது. அண்ணனுக்கு செக்யூரிட்டி வேலை என்று சொல்லி நீலச் சட்டையும் தொப்பியும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். வேலை தொடங்கவில்லை. ஆனால் அவன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

மலையே அந்த ரோலர் கோஸ்டர் ரயிலுக்காகக் கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. ஒரு ஜீப்காரர் வண்டியின் பின்பக்கம் ரோலர் கோஸ்டர் படம் வரைந்துகொண்டார். அது பார்ப்பதற்கு ஒடிந்த ஏணி மாதிரி இருந்தது. பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது காலேஜ் பெண்கள் இரண்டு கையையும் தூக்கிக் கத்திப் பழகினார்கள். கண்டக்டர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். மற்றவர்களைச் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரோலர் கோஸ்டர் வீடியோ பார்ப்பேன். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு எதிரே ஆள் நிற்பதுகூடத் தெரியாது. ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து உயிர் போகிற மாதிரி கத்த வேண்டும் என்று இருந்தது. நாற்பத்தாறு வயதில் பெண்பிள்ளை கத்துவதற்கு வேறு எங்கே இடம் இருக்கிறது?

பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்னால் அண்ணன் செங்கத்துக்கு வந்தான். கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட்.

"இன்னா திடீர்னு?" என்றேன்.

"உன்னப் பாக்கணும்னு தோணுச்சும்மா."

"இத்தினி வருசமா தோணாதது இன்னிக்கு இன்னாத்துக்குத் தோணுச்சு?"

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அந்தப் பலாவ எடுக்கணுமாம். ரயிலு சரியா அதும் மேலதான் திரும்புதாம். ஆளுங்கள வெட்டச் சொன்னா, தங்கச்சி மரம், அவ கைபடாம நாங்க தொட மாட்டோம்னு கோடாலியக் கீழ போட்டுட்டானுங்க."

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நெலம் என்னுதுதானம்மா."

"அப்ப மரத்தயும் நீயே வெட்டிக்க."

அவனால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். ஸ்வீட் பாக்கெட்டையும் திருப்பிக் கொடுத்தேன். மரத்தின் மேல் பாசம் என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை. பாதி பாசம், பாதி வீம்பு. எல்லாம் பேசி முடித்துவிட்டு, நான் ஒருத்தி இருப்பதே கோடாலி கீழே விழுந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த எரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

பொங்கல் வந்தது, ரயில் வரவில்லை. பேனரில் 'பொங்கல்' மேல் 'சித்திரை' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சித்திரைக்கு மேல் 'கோடை விழா' ஒட்டினார்கள். அப்புறம் 'தீபாவளி' வந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் நான்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. பேருந்தில் ஏறினால், "இந்தம்மாதான்" என்று காதில் விழும்படி சொல்வார்கள். பார்க் மேனேஜர் வாரம் தவறாமல் போன் செய்தார்.

"மேடம், உங்க ஒரு மரத்துக்காக மலையே காத்துக்கிட்டிருக்குங்க."

"காத்துனு இருக்கட்டும். எம்மரமும் அந்த மலைலதான கீது, மெட்ராஸ்லயா கீது?"

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. பேனர் போட்ட கம்பெனி என்னிடம் கெஞ்சியது. அந்த வைகாசியில் பழம் அறுக்கப் போனபோது அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவள் கையால் எனக்குக் கறி கிடைத்தது அதுதான் முதல் தடவை. கூடவே முறைத்துக்கொண்டும் இருந்தாள். நானும் முறைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

தீபாவளியும் போய், அடுத்த தை மாதம் அண்ணன் மறுபடி கடைக்கு வந்தான். இந்தத் தடவை மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தான். ரயில் பெட்டி பெட்டியாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது என்றார் மேனேஜர். போனில் படம் காட்டினார். நீளநீளமான மரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மரத்தை எடுத்தால் நாற்பதே நாளில் ஓட்டிக் காட்டுவோம் என்றார். அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"மொத வண்டில மொத சீட்டு உனக்குத்தாம்மா. நான் பேசிட்டேன்."

அன்று மாலை அண்ணி போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்ததே கிடையாது. வணக்கமும் இல்லை, நலமா என்ற கேள்வியும் இல்லை.

"ரெண்டு வருசமா தொப்பியப் போட்டுனு ஊரு சிரிக்க நிக்கிறாரு உங்க அண்ணன். உனக்கு அது சந்தோசம்தானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அதுதான் என்னைச் சாய்த்தது. சின்ன வயதில் ஊர் சிரித்தால் அவன் வீட்டுக்கு வராமல் காட்டிலேயே உட்கார்ந்துகொள்வான். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அந்த ஞாபகம் வந்து என்னைக் கெடுத்தது. முதல் சீட்டு ஆசையும் கூடச் சேர்ந்துகொண்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

மாசியில் போனேன். மரத்தின் அடியிலும் கிளையிலும் விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டிருந்தது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். அண்ணன் கோடாலியை என் கையில் கொடுத்தான். ஓங்கிப் போட்டேன். பால் பீய்ச்சி வந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஆட்கள் இறங்கினார்கள். மதியத்துக்குள் மரம் சாய்ந்துவிட்டது. மேனேஜர் விழுந்த மரத்தைப் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றார். அண்ணி எண்ணெய் கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள். தேய்த்துக் கழுவிக்கொண்டு அன்றைக்கே இறங்கிவிட்டேன்.

நாற்பது நாள் ஆயிற்று. அண்ணனைக் கேட்டால், துறைமுகத்தில் ஏதோ பேப்பர் நிற்கிறது என்றான். அறுபது நாள் கழித்துக் கேட்டேன். வெளிநாட்டு இன்ஜினியருக்கு விசா வரவில்லையாம். வைகாசி வந்தது. அண்ணன் போன் செய்யவில்லை. மரமே இல்லை, எதற்குக் கூப்பிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும் அந்த மாதம் முழுக்கப் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடித்தான் போய் எடுத்தேன்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானே மலையேறினேன். அடிவாரத்தில் பேனர் மாறியிருந்தது. வெள்ளைக்காரர்களைக் காணோம். ஒரு குட்டையும் இரண்டு படகும் நாலு கூடாரமும் இருந்தன. 'திறந்தாயிற்று' என்று போட்டிருந்தார்கள். பார்க் வாசலில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ரோலர் கோஸ்டர் எப்பங்க?" என்று கேட்டேன்.

"அது கேன்சல்ங்க மேடம். ரொம்ப நாள் ஆச்சு. அடியில பாறை சரியில்லன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. மெஷினுக்கு ஆர்டரே குடுக்கல."

"துறைமுகத்துல பெட்டி வந்துச்சே?"

"எந்தப் பெட்டிங்க?"

"எப்ப கேன்சல் ஆச்சு?"

"போன கார்த்திகையிலயே. நெலம் குடுத்தவங்கள மட்டும் கூப்பிட்டு உக்காரவெச்சு சொன்னாங்களாம்."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. எத்தனை தடவை எண்ணினாலும் கார்த்திகை முன்னால்தான் வந்தது. அண்ணன் கடைக்கு வந்து முதல் சீட்டு என்று சொன்னது தையில்.

"அப்ப அங்க ஒரு பலாமரத்த இன்னாத்துக்கு வெட்டுனாங்க?"

"அதுவா? கார் பார்க்கிங்குக்குங்க" என்று கையைக் காட்டினார்.

நடந்து போனேன். மேட்டைச் சமமாக்கி ஜல்லி கொட்டியிருந்தார்கள். சுண்ணாம்பில் கோடு கோடாகப் போட்டிருந்தது. மரம் எங்கே நின்றது என்று என்னாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் அண்ணன் நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"உனக்குக் கார்த்திகையிலயே தெரியுமா?"

அவன் ஜல்லியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன் இல்ல? தெரியுமா?"

"பார்க்கிங்குக்குன்னு சொல்லியிருந்தா நீ குடுத்திருப்பியாம்மா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். கூடப் பிறந்தவன் இல்லையா? எனக்கு எதில் ஆசை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்காக நான் எப்போது இளகுவேன் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் வைத்து என் கையாலேயே வெட்ட வைத்துவிட்டான். ரயில் என்னால் போயிற்று என்று ஊர் என்னைக் கழுவிக் கழுவி ஊற்றியபோது, இல்லை, பாறையால் போயிற்று என்று ஒரு வாய் அவன் சொல்லவில்லை. சொன்னால் மரத்தை ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள், அதனால் சொல்லவில்லை.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் தடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை. அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த குடும்பம் போலிருக்கிறது, ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்குக் கை காட்டினான்.

"கொஞ்சம் ஓரமா நில்லும்மா, வண்டி வருது" என்றான்.

ஓங்கின கையை இறக்காமலே நான் ஓரமாக நகர்ந்து நின்றேன்.