இடைவேளை மணி யாருக்கு?

நன்னிலத்தில் எங்கள் வீட்டருகே உள்ள சின்ன சர்ச் பள்ளியில்தான் என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள். ஓட்டுக் கட்டடம், இரண்டே டீச்சர்கள். அங்கே என்ன பெரிய படிப்பு என்று கும்பகோணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு அழைத்துப் போனேன். நேர்காணலில் முதல் கேள்விக்கே, "புரியல மிஸ்" என்றாள் சிரித்தபடி. பிறகு மேசைமேல் கண்ணால் எதையோ தேடினாள். எனக்கு மானமே போனது.

திரும்பும் பஸ்ஸில், "அங்க என்னடி தேடுன?" என்று எரிந்து விழுந்தேன்.

"பெல்லைத்தாம்ப்பா. எங்க ஸ்கூல்ல புரியலன்னு யாரு முதல்ல சொல்றாங்களோ, அவங்கதான் இன்டர்வல் பெல் அடிக்கலாம். டீச்சரும் திரும்பச் சொல்லித் தருவாங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்து, தலையாட்டியே பட்டம் வாங்கியவன் நான். மறுநாள் அவளைப் பழையபடி சர்ச் பள்ளியிலேயே விட்டேன். இடைவேளை மணி கேட்கும்வரை வாசலைவிட்டு நகர மனம் வரவில்லை.